கூசும் மெய்: ஒரு சொல்லின் பொருளும் பிறப்பும்



சொல்லாராய்ச்சி பற்றிப் பேச அழைத்தபோது, கல்வெட்டில் கிடைத்த அரிய சொல் ஒன்றையோ, உரையாசிரியர்கள் மாறுபட்டு நிற்கும் பழஞ்சொல் ஒன்றையோ நான் எடுத்துக்கொள்வேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்ட சொல் 'கூச்சம்'. பேசத் தொடங்கிய குழந்தைக்கும் தெரிந்த சொல். இத்தகைய சொற்களுக்கு நாம் அகராதியைப் புரட்டுவதில்லை. அதனாலேயே அவற்றைப் பற்றி அகராதி சொல்லாமல் விட்டது என்ன என்று யாரும் கேட்பதும் இல்லை.

புளிப்பு மாங்காய் தின்றால் பல் கூசுகிறது. இருட்டறையிலிருந்து வெயிலுக்கு வந்தால் கண் கூசுகிறது. அக்குளில் விரல் பட்டால் உடம்பு கூசுகிறது. செருப்பில்லாமல் சரளைக்கல்லில் நடந்தால் உள்ளங்கால் கூசுகிறது. புது மனிதர்கள் நடுவே நிற்கக் கூச்சமாக இருக்கிறது. ஒரு பாவமும் அறியாதவர்மேல் பழி சொல்ல நாக் கூசுகிறது. தெருச்சண்டையில் விழும் வசவுகளைக் கேட்கக் காது கூசுகிறது. அழைக்காத வீட்டில் போய்ச் சாப்பிட மனம் கூசுகிறது.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்தது. அதைப் போன்ற பேரகராதிகளில் நாணுதல், பல் கூசுதல், உடல் கூசுதல் ஆகியவை தனித்தனிப் பொருள்களாகப் பிரிந்து, வரிசை எண் பெற்று நிற்கும். அகராதி செய்வோர் அப்படித்தான் செய்ய முடியும். ஆனால் இது பல பொருள் கொண்ட ஒரு சொல்லா, ஒரே பொருள் பல இடங்களில் வெளிப்படுவதா? நான் இரண்டாவது கட்சி. இந்த உரை முழுக்க அதற்கான வழக்குத்தான்.

முதலில் சொல்லின் பிறப்பு. 'கூசு' என்பது வினைப்பகுதி. பேசு, பேச்சு ஆவதுபோலவும், வீசு, வீச்சு ஆவதுபோலவும், கூசு, கூச்சு ஆகிறது. இறுதி மெய் இரட்டித்துப் பெயராகும் பழைய திராவிட வழக்கம் இது. அதனோடு 'அம்' சேர்ந்து கூச்சம். ஆடு என்பதிலிருந்து ஆட்டமும், நாடு என்பதிலிருந்து நாட்டமும் வந்த வழி இதுவே. 'கூச்சு' என்ற இடைநிலை வடிவம் இன்று தனித்து வழங்குவது குறைவு. 'மயிர்க்கூச்செறிதல்' என்ற தொடரில் உயிரோடு இருக்கிறது. மயிர் சிலிர்க்கும்போது ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஒட்டியிருக்கும் நுண்ணிய தசை சுருங்குகிறது. அந்தச் சுருக்கம்தான் மயிரை நிமிர்த்துகிறது. அந்தச் சுருக்கத்தோடு இந்தச் சொல் எவ்வளவு பொருந்துகிறது என்பதை மட்டும் இப்போதைக்கு மனத்தில் வையுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'கூச்சல்' என்ற சொல் இதன் உடன்பிறப்பு போலத் தோன்றும். அது வேறு குடும்பம். கூ என்று கத்துவது, கூவுவது, கூப்பிடுவது ஆகிய ஒலிச்சொற்களோடு சேர்ந்தது அது. அதுபோலக் குவிதல், கூம்புதல், கூப்புதல் ஆகியவற்றை இழுத்துக் கூசுதலோடு முடிச்சுப் போடும் ஆசையும் எழும். எல்லாவற்றிலும் ஒடுங்குவது என்ற கருத்து இருக்கிறதே என்று தோன்றும். எனக்கும் அந்த முடிச்சில் மனம் ஈடுபட்டதுண்டு. ஆனால் ஒலி ஒத்துவருவதையும் கருத்து ஒத்துவருவதையும் மட்டும் வைத்து வேர் காட்டத் தொடங்கினால் எந்தச் சொல்லையும் எந்தச் சொல்லோடும் மணமுடித்து வைத்துவிடலாம். நம் மொழியின் பழமையை நிறுவ அப்படிப்பட்ட சான்றுகள் நமக்குத் தேவையில்லை.

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி வரும். 'சங்கோசம்' என்ற சொல் தமிழில் வழங்குகிறது. 'சங்கோஜப்படாமல் சாப்பிடுங்கள்' என்று பந்தியில் உபசரிப்பார்கள். அது வடசொல். 'குச்' என்ற வேருக்குச் சுருங்குதல் என்று பொருள். சங்கோசம் என்றால் சுருக்கம், அதன் வழியே தயக்கம். பொருளும் அருகில் வருகிறது, ஒலியும் அருகில் வருகிறது. அப்படியானால் கூச்சம் வடமொழியிலிருந்து வந்ததா? நான் அப்படிக் கருதவில்லை. சங்கோசம் தமிழுக்கு வந்தபோது தயக்கம் என்ற ஒரு பொருளோடு, பெயர்ச்சொல்லாக வந்தது. சங்கோசம் பல்லுக்கு வராது, கண்ணுக்கு வராது, உள்ளங்காலுக்கு வராது. கூசு என்பதோ வினையாக நின்று, இயல்பான தமிழ் முறையில் பெயராகி, உடம்பெங்கும் வழங்குகிறது. வாங்கிய சொல்லுக்கு இத்தனை வேர்ப்பிடிப்பு எளிதில் வந்துவிடாது. இரண்டு மொழிகளும் சுருங்குதலிலிருந்து தயக்கத்துக்குத் தனித்தனியே நடந்து சென்றிருக்கின்றன. அந்தப் பாதை மனித உடம்பிலேயே இருப்பதால் அது வியப்பும் இல்லை.

மலையாளத்தைப் பாருங்கள். 'கூசலில்லாதெ' என்று அவர்கள் சொன்னால் அஞ்சாமல், தயங்காமல் என்று பொருள். நாம் 'கூசாமல் பொய் சொல்கிறான்' என்போமே, அதே வினைதான். ஆனால் விரலால் சீண்டி உடம்பு நெளிவதை அவர்கள் 'இக்கிளி' என்கிறார்கள். பல் கூசுவதைப் பல் புளிப்பு என்கிறார்கள். மலையாளப் பேச்சில் இந்த வினை பெரும்பாலும் மனத்தோடு நின்றுவிட்டது. உடம்பின் வேலையை வேறு சொற்கள் எடுத்துக்கொண்டன. தமிழில் உடம்பும் மனமும் ஒரே வினையில் தங்கிவிட்டன. நம் மொழி இதைப் பிரிக்காமல் வைத்திருப்பதை நான் ஒரு பெரும் செல்வமாகக் கருதுகிறேன்.

இப்போது என் வழக்கின் நடுப்பகுதிக்கு வருகிறேன். மெய், வாய், கண், மூக்கு, செவி என்று ஐந்து பொறிகளை வரிசையாகச் சொல்வது நம் மரபு. அந்த வரிசையில் மெய் முதலில் நிற்கிறது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுக்கும்போதும் தொடுவுணர்வு ஒன்றே உடைய புல்லும் மரமும்தான் முதற்படி. தொடுவுணர்வுக்கு 'ஊறு' என்று பெயர். உறுதல், அதாவது வந்து படுதல் என்பதிலிருந்து வந்தது. இந்த ஐந்து பொறிகளிலும் கூசு என்ற வினையை வைத்துப் பாருங்கள். மெய் கூசும். வாய் கூசும், நாக் கூசும். கண் கூசும். செவி கூசும். மூக்கு?

மூக்கு கூசுகிறது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மூக்கு அரிக்கும், எரியும், கமறும், அடைக்கும். நாற்றம் பொறுக்க முடியாமல் போனால் 'குமட்டுகிறது', 'குடலைப் புரட்டுகிறது' என்கிறோம். பொறுக்க முடியாத நாற்றத்துக்கு மூக்கு எதுவும் செய்வதில்லை. வயிறுதான் பதில் சொல்கிறது. கண்ணுக்கு இமை உண்டு, வாய்க்கு இதழ் உண்டு, தோலுக்கு விலகிக்கொள்ளும் ஆற்றல் உண்டு. காதுக்கு மூடி இல்லை, ஆனாலும் தோள் உயர்ந்து தலை ஒடுங்குகிறது. வெளியிலிருந்து வருவது உடம்பின் எல்லையைத் தொடும் இடத்தில், அந்த எல்லை தானே பின்வாங்குகிறதா? அப்படியானால் அங்கே தமிழர் 'கூசு' என்கிறார்கள். இதுவே அந்தச் சொல்லின் ஒரே பொருள் என்று நான் கொள்கிறேன்: எல்லையில் படுவது தாங்கும் அளவை மிஞ்சும்போது, அந்த எல்லை உள்ளொடுங்குவது.

இதற்கு எதிர்ச்சொல் தேடினால் 'தினவு' கிடைக்கும். தினவும் தோலின் உணர்வுதான். அரிப்பில் கை தோலைத் தேடி வருகிறது, சொறிந்தால் சுகமாக இருக்கிறது. தோள் தினவெடுத்தவன் சண்டை தேடிப் போகிறான். 'முதுகு தினவெடுக்கிறதா?' என்று அடிக்க ஓங்கியவர் கேட்கிறார். தினவு தொடுகையை நோக்கி முன்னே வருவது; கூச்சம் தொடுகையிலிருந்து பின்னே போவது. இந்த இரண்டு திசைகளும் தோலில் தொடங்கி மனித குணம்வரை போயிருக்கின்றன.

'உடம்புக் கூச்சம் முதலில் வந்தது, மனக் கூச்சம் அதன் உருவகம்' என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் ஆராய்ச்சி முடிந்துவிட்டது போலத் தோன்றும். மாட்டுக் கொட்டகைக்கு வந்து பாருங்கள். தலையீற்றுக் கிடாரியின் மடியில் முதன்முதலாகக் கை வைத்தால் அது நெளியும், காலைத் தூக்கும், உதைக்கும். 'மடி கூசுது' என்பார்கள். கறக்கத் தெரிந்தவர் உடனே காம்பைப் பிடிக்க மாட்டார். முதுகைத் தடவுவார், வயிற்றுக்குக் கீழே கையை ஓட்டுவார், மடியில் வெதுவெதுப்பான தண்ணீரை அடித்துக் கழுவுவார், கன்றை ஊட்டவிட்டு ஒதுக்குவார். நாள் போகப் போகக் 'கூச்சம் தெளிஞ்சுடும்' என்பார். அந்த மாட்டுக்கு வந்தது தோலின் கூச்சமா, மனத்தின் கூச்சமா? காம்பின் தோல் மட்டுமே காரணம் என்றால் நாளாக ஆக ஏன் தெளிய வேண்டும்? மனம் மட்டுமே காரணம் என்றால் மடியைத் தொட்டால் மட்டும் ஏன் உதைக்க வேண்டும்? கறவைக்காரர் இரண்டையும் பிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையைப் பற்றியும் 'கூச்சம் தெளியட்டும்' என்றே சொல்கிறோம். 'தெளிதல்' என்ற வினையை நாம் கலங்கிய நீருக்கும் மயக்கத்துக்கும் கூச்சத்துக்கும் ஒருசேர வழங்குவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆங்கிலத்தில் கூச்சத்தைக் குறிக்கும் 'ஷை' என்ற சொல்லும் அதன் பழைய வடிவத்தில் எளிதில் மிரளும் குதிரையைக் குறித்தது. இன்றும் குதிரை மிரண்டு விலகுவதை அந்தச் சொல்லாலேயே சொல்கிறார்கள்.

இனிப் பல்லுக்கு வருவோம். பற்சிப்பியில் நரம்பு இல்லை. அதற்கடியில் உள்ள தந்தினியில் நுண்குழாய்கள் ஏராளம். அவற்றில் நீர்மம் இருக்கிறது. சிப்பி தேய்ந்தோ ஈறு இறங்கியோ அக்குழாய்களின் வாய் திறந்துகொண்டால், குளிர்ச்சியோ இனிப்போ புளிப்போ பட்டதும் உள்ளிருக்கும் நீர்மம் அசைகிறது. அந்த அசைவு பற்கூழின் நரம்பைத் தூண்டுகிறது. சுவீடனைச் சேர்ந்த பிரன்ஸ்ட்ரோம் 1960களில் நிலைநாட்டிய விளக்கம் இது. இந்த விவரம் எதுவும் தெரியாத நம் முன்னோர் இதைப் பல்வலி என்று சொல்லவில்லை. வலிக்குத் தனிச் சொல் இருந்தது. இது வலியில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தமிழ் விவிலியத்தில் எரேமியா 31ஆம் அதிகாரத்திலும் எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்திலும் ஒரு பழமொழி வருகிறது: தகப்பன்மார் திராட்சைக்காய் தின்ன, அதன் விளைவு பிள்ளைகளின் பல்லில் தெரிந்தது என்ற கருத்துடையது. அங்கே பிள்ளைகளின் பல்லுக்கு நேர்ந்ததைச் சொல்ல மொழிபெயர்ப்பாளர்கள் கையாண்ட வினை 'கூசு' என்பதே. மாங்காய் தின்ற எந்தத் தமிழனுக்கும் அந்த வசனத்துக்கு உரை தேவைப்படாது.

பல் கூச்சத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. சிலேட்டில் பலப்பத்தைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். வகுப்பே 'டேய், பல் கூசுதுடா' என்று கத்தும். ஒலி வந்தது காதுக்கு, கூசியது பல். 1986இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இத்தகைய கீறல் ஒலியைப் பதிவுசெய்து, அதன் பகுதிகளை வடிகட்டி நீக்கிப் பார்த்தார்கள். கீச்சென்ற உச்ச அதிர்வெண்களை நீக்கிய பிறகும் கேட்டவர்களின் அருவருப்பு குறையவில்லை. நடுத்தர அதிர்வெண்களில்தான் அதன் கொடுமை இருந்தது. அந்த ஒலி ஏன் இப்படி உடம்பை உலுக்குகிறது என்பதை அறிஞர்கள் தொடர்ந்து ஆராய்கிறார்கள். வகுப்பறைப் பிள்ளைகள் அது உடம்பில் எங்கே படுகிறது என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்தது அக்குள். விரல் பட்டு நெளிந்து சிரிக்கும் கூச்சம். 1897இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஸ்டான்லி ஹாலும் ஆர்தர் ஆலினும் இதை இரண்டாகப் பிரித்துக் கிரேக்கப் பெயர் வைத்தார்கள். எறும்போ இறகோ மெல்ல ஊரும்போது வரும் உணர்வு ஒன்று. விலாவில் அழுத்திச் சீண்டும்போது சிரிப்போடு வருவது மற்றொன்று. தமிழ்ப் பேச்சில் இந்தப் பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. முதலாவது 'குறுகுறு' என்று ஊருவது. இரண்டாவது 'கிச்சுக்கிச்சு'. அதிலும் கிச்சுக்கிச்சு 'மூட்டுவது' அடுத்தவர் செயல். கூசுவது நம் உடம்பின் செயல். தனக்குத் தானே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாது என்பதை டார்வின் 1872இல் எழுதிய உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய நூலில் கவனித்திருக்கிறார். 1998இல் லண்டனில் பிளேக்மோர், வோல்பர்ட், ஃபிரித் மூவரும் மூளைப் படப்பிடிப்பின் மூலம் அதற்குக் காரணம் காட்டினார்கள். நம் கையின் அசைவை மூளை முன்னதாகவே கணித்து, அதனால் வரப்போகும் உணர்வைத் தணித்துவிடுகிறது. சிறுமூளைக்கு அதில் பங்குண்டு. கூச்சம் வர வேண்டுமானால் தொடுவது பிறிதொருவராக இருக்க வேண்டும். நாலு பேர் முன் நின்றால் வரும் கூச்சத்துக்கும் இதே விதிதான். தனியறையில் யாருக்கும் கூச்சம் வருவதில்லை.

நாணத்தையும் கூச்சத்தையும் ஒன்றாக எண்ணுவோர் இங்கே சற்று நிற்க வேண்டும். வள்ளுவர் நாணுடைமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கி, அதன் முதற்குறளிலேயே செய்கையால் வரும் நாணத்தைப் பெண்களின் இயல்பான நாணத்திலிருந்து பிரித்துக் காட்டுகிறார். செய்கையால் வரும் நாணம் அறத்தைச் சார்ந்தது. தகாததைச் செய்தவனுக்கு அது வர வேண்டும். கூச்சத்துக்குக் குற்றம் தேவையில்லை. ஒரு பாவமும் அறியாத குழந்தைக்குக் கூச்சம் வரும். தொட்டாற்சுருங்கிச் செடியைக் கண்ட லின்னேயஸ் 1753இல் அதற்கு 'நாணமுள்ளவள்' என்று பொருள்படும் லத்தீன் சிறப்புப் பெயரை வைத்தார். வெப்ப அமெரிக்காவிலிருந்து நம் ஊருக்கு வந்த அதே செடிக்குத் தமிழர் வைத்த பெயரில் நாணம் இல்லை. தொட்டால் சுருங்குகிறது என்று கண்டதைச் சொன்னார்கள். இலைக்காம்பின் அடியில் உள்ள புடைப்பிலிருந்து நீர் வெளியேறுவதால் இலை மடிகிறது. அதற்குமேல் அதன் தலையில் ஓர் ஒழுக்கத்தை ஏற்ற வேண்டியதில்லை.

இந்த வேறுபாடு வீட்டிலும் முக்கியம். பிள்ளையைப் பிடித்து விலாவில் சீண்டுகிறோம். அது சிரித்துக்கொண்டே 'கூசுது மாமா, விடுங்க மாமா' என்கிறது. சிரிக்கிறதே என்று நாம் விடுவதில்லை. அந்தச் சிரிப்பு உடம்பு தானாக எழுப்புவது. வாய் சொல்வதுதான் பிள்ளையின் விருப்பம். விருந்துக்கு வந்த பெரியவரிடம் போக மறுத்து அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளியும் பிள்ளையை 'என்ன கூச்சம், போய் முத்தம் குடு' என்று தள்ளிவிடுகிறோம். இரண்டு இடத்திலும் பிள்ளையின் எல்லை பின்வாங்குகிறது. வேண்டாத தொடுகையைச் சொல்ல ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இயல்பாக வாய்த்த முதற்சொல் 'கூசுது'. அந்தச் சொல்லைக் கேட்டதும் கையை எடுத்துவிடும் வீட்டில் வளரும் பிள்ளை, நாளை வெளியில் ஒருவன் தொடும்போது அதை உரக்கச் சொல்லும். பாதுகாப்பான தொடுகை பற்றிப் பள்ளிகளில் பாடம் நடத்துவோர் இந்தச் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மருத்துவமனைக்கும் இது பொருந்தும். நீரிழிவு நெடுநாள் இருந்தவர்களுக்குப் பாத நரம்புகள் பழுதடையும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து, 'தெரிகிறதா?' என்று கேட்டுச் சோதிப்பார்கள். 'முன்னெல்லாம் கல்லில் நடந்தால் கூசும், இப்போது கூசுவதே இல்லை' என்று ஒரு முதியவர் மகிழ்ச்சியாகச் சொன்னால், அது அந்த இழை காட்டும் செய்தியையே முன்கூட்டிச் சொல்வது. அவர் காலில் முள் தைத்தால் தெரியாது. புண் ஆழமான பிறகே தெரியும். மருத்துவர் 'வலி இருக்கா? எரிச்சல் இருக்கா?' என்ற இரண்டு கேள்வியோடு நிறுத்திக்கொண்டால் இந்தச் செய்தி தப்பிப் போகும். 'கால் கூசுமா?' என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும்.

கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட வலி வினாத்தாளில் 78 சொற்கள் 20 தொகுதிகளாக இருக்கின்றன. வலிப்பவர்கள் சொல்லும் சொற்களுக்கு மருத்துவத்தில் மதிப்புண்டு என்பதை அது உலகுக்கு ஏற்கச் செய்தது. தமிழில் கூசுது, குறுகுறுக்குது, நமைக்குது, மதமதங்குது, விறுவிறுங்குது, சுருக்கென்குது, காந்துது, கடுக்குது, குடையுது, தெறிக்குது, மரத்துப்போச்சு என்று உணர்வுச்சொற்கள் குவிந்து கிடக்கின்றன. எந்தச் சொல் எந்த உறுப்போடு சேரும், எதோடு சேராது, தஞ்சைக்காரர் எப்படிச் சொல்வார், நெல்லைக்காரர் எப்படிச் சொல்வார், யாழ்ப்பாணத்தார் எப்படிச் சொல்வார் என்பதையெல்லாம் எழுதிவைக்க வேண்டும்.

இங்கே அமர்ந்திருக்கும் தமிழ்த்துறை ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வுத் தலைப்புத் தேடி அலைகிறீர்கள். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் பல் பிரிவிலும் நீரிழிவுப் பிரிவிலும் உரிய அனுமதி பெற்று, நோயாளிகள் தம் உடம்பைச் சொல்லும் சொற்களை அவர்கள் சொன்னபடியே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மருத்துவ மாணவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். சொல், அது வந்த தொடர், உறுப்பு, ஊர், வயது என்று ஐந்து குறிப்புகள் போதும். இந்த வேலையை வரும் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள்.